அழுகிற முகம்

"மெழுகுவத்திய கொஞ்சம் அப்பால நவுத்துக்கா. கண்ணாடில பட்டு நைனா மூஞ்சியே தெரியல."

ஜூடி நகர்த்தினாள். ஐஸ் பெட்டிக்குள் ஸ்டானிஸ்லாஸ் வெள்ளைச் சட்டையும் விரல்களில் சுற்றிய ஜெபமாலையுமாகக் கிடந்தார். கால்மாட்டில் ஒரு ஸ்டாண்டில் தம்பி நோயலின் போன் நின்றது. திரையின் இடது பாதியில் அப்பா. வலது பாதி கறுப்பு.

"இன்னாடா, பாதி காலியா கீது?"

"டூயட்டுக்கா. அஜின் வந்துகினு கீறான். அவன் போன்லேந்து அந்தப் பக்கம் வந்துருவான். லைவு. நைனாவோட கடைசி டூயட்டு."

"நைனா செத்துட்டாருடா."

"அதான் சொல்றேன், கடைசின்னு."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அப்பா. தவக்காலத்தில் கோயிலில் பாடுவார். மற்ற நாட்களில் சொந்தமாகக் கட்டிய பாட்டுகள்: கிரேன் மேலிருந்து தெரியும் கப்பல்கள், எண்ணூர்ச் சாம்பல், அம்மாவின் கோபம். நோயல்தான் அவர் போனில் ஒரு பாட்டு ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். அதில் ஒருவர் பாதிப் பாட்டைப் பாடி, மீதிப் பாதியைக் காலியாக விடவேண்டும். எங்கிருந்தோ யாரோ வந்து சேர்ந்து பாடுவார்கள்.

அப்பா நாலு வரி பாடுவார். பிறகு அடுத்தவருடைய நாலு வரிக்காக வாயை மூடிக்கொண்டு, அந்தக் கறுப்புப் பாதியைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருப்பார். வெகுநாள் யாரும் வரவில்லை. அவர் தலையாட்டுவதை நிறுத்தவில்லை.

ஒருநாள் திரையில் அஜின் வந்தான். மேல் ஸ்தாயியில் அப்பாவின் குரல் உடைந்த இடத்தில், வலது பாதியில் அந்தப் பையன் காதைப் பொத்தினான், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டான், நாற்காலியோடு சரிந்து விழுந்தான். கீழே மஞ்சள் முகங்கள் வரிசை வரிசையாக வந்து நின்றன. கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கிற முகங்கள்.

"ஜூடி, இங்க வாயேன். எத்தினி பேரு அயுதுகினு கீறாங்க பாரு. ரெண்டு கண்லயும் தண்ணி ஊத்துது, பாவம்."

"அந்தப் பையன் ஏன் கீய வியுறான்?" என்று அம்மா ஐரீன் கேட்டாள்.

"துக்கம் தாங்கல அவனுக்கு."

நோயல் உதட்டைக் கடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினான். ஜூடி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் தன் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் டீயைக் குடித்தாள்.

குரல் உடைந்தால் முகங்கள் வருகின்றன என்பதை அப்பா சீக்கிரம் கண்டுகொண்டார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குரலை உடைத்துப் பழகினார். கிரேன் பாட்டில் யாரும் அழவில்லை என்று அதை விட்டார். எண்ணூரையும் விட்டார். கடைசியில் வார்த்தைகளே குறைந்து, அந்த உடைசல் மட்டும் பாட்டாக மிஞ்சியது. நுரையீரலைப் பார்த்த டாக்டர் பாடவே கூடாது என்றார். "ஜனங்க காத்துகினு கீறாங்க டாக்டர்" என்றார் அப்பா.

அஜின் வந்தான். இந்தத் தடவை நேரில். மாதவரத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நாகர்கோவில் குடும்பத்துப் பையன். திரையில் பார்த்ததைவிட ஒல்லி. மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்ததும் அம்மா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீதானா கண்ணு? எங்காளுக்காக அப்பிடி வியுந்து வியுந்து அயுதவன் நீதானா?"

அஜின் ஜூடியைப் பார்த்தான். ஜூடி மெழுகுவர்த்தியைப் பார்த்தாள்.

சமையற்கட்டில் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தபோது மெதுவாகக் கேட்டாள். "நைனாவுக்குத் தெரியுமா?"

அவன் தம்ளரை வாயருகே கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

"போன மாசம் வாய்ஸ்ல பேசி அனுப்புனாருக்கா. 'தம்பி, நீ நெஜமாலுமே அயுவுறியா, சிரிக்கிறியா'ன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"கடையில ஆளு நின்னுச்சு. சட்டுனு ஒரு மூஞ்சி மட்டும் அனுப்புனேன்."

"எந்த மூஞ்சி?"

கூடத்தில் பெண்கள் ஜெபமாலையின் அடுத்த மணிக்கு நகர்ந்தார்கள்.

"அதுக்கப்புறம் தெனமும் பாட்டுப் போட்டாருக்கா" என்றான் அஜின். தண்ணீரைக் குடிக்காமலே தம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஸ்டார்ட்டு" என்றான் நோயல்.

ஜூடி ஸ்டாண்டின் அருகே போய் நின்றாள். கையை நீட்டினால் போன் எட்டும். பிடுங்கினால் அம்மா ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்லவேண்டும். அப்போது அப்பா ஊர் சிரித்த மனிதராகக் கல்லறைக்குப் போவார். அவள் கை இடுப்பிலேயே இருந்தது.

வலது பாதியில் வெளிச்சம் வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் அஜின் தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தான். அப்பா கைவிட்ட கிரேன் பாட்டு அது. இரண்டாவது வரியில் அவன் குரல் உடைந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி உடைந்தது. முகம் கோணி, மூக்கு ஒழுகி, வாயைத் திறந்துகொண்டு சத்தமே இல்லாமல் நின்றான்.

போனில் மஞ்சள் முகங்கள் எழும்பின. இதுவரை வராத அளவுக்கு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. 'செம ஆக்டிங் தல' என்று எவனோ எழுதினான். 'பெருசு எந்திரிச்சி பாடப்போவுது' என்று இன்னொருவன்.

"அக்கா, பிச்சிகினு போவுது" என்று நோயல் கிசுகிசுத்தான்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முகங்களைப் பார்த்தாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் தெளிந்தது.

"பாருடி. ஊரே அயுவுது உங்கப்பனுக்கு." பிறகு ஜூடியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ ஒருத்திதான் காலைலேந்து கல்லாட்டம் நிக்கிற. சொட்டுத் தண்ணி வரல. உன் பேருல ஒண்ணு போடு."

"அம்மா, வேணாம்மா."

"போடுடி. நாளைக்கு பெத்த பொண்ணு போடலன்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

ஜூடி தன் போனை எடுத்தாள். வரிசையின் ஓரத்தில், வாய் கீழே வளைந்து ஒற்றைக் கண்ணீரோடு ஒரு முகம் இருந்தது. அதன்மேல் விரலைக் கொண்டுபோனாள்.

"அது இல்ல" என்று அம்மா அவள் விரலைப் பிடித்து நகர்த்தினாள். "ரெண்டு கண்லயும் ஊத்துமே, அது. அதான் அவருக்குப் புடிக்கும்."

ஜூடி அழுத்தினாள்.

அது ஸ்டாண்டிலிருந்த திரையின் அடியில் முளைத்து, ஜெபமாலை சுற்றிய விரல்களைத் தாண்டி, மூடியிருந்த வாயின்மேல் ஒரு கணம் நின்று, மேலே போனது.