மூட்டைப்பூச்சிச் சந்தை

சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஞாயிறுதோறும் கூடிய பழைய சாமான் சந்தையில் கட்டில் வாங்கியவர்கள், முதல் கடியிலேயே அதில் முன்பு படுத்திருந்தவரின் குரலில் பேசினார்கள். மூட்டைப்பூச்சி குடிக்கும் ரத்தத்தோடு பேச்சும் அதற்குள் போய், அடுத்துக் கடிபட்டவர் வாயில் வரும் என்பது 1962லேயே ஊருக்குத் தெரியும். மூட்டைப்பூச்சிச் சந்தை என்ற பெயரும் அதனால் வந்ததுதான். அழுக்கினால் வந்த பெயர் என்று எண்ணி வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் கட்டிலின் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார்கள்.

வடக்குப்பட்டுக் கனகத்தின் புருஷன் கோதண்டம் மெட்ராசுக்கு மில் வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. இருக்கிறானா செத்தானா தெரியாததால், பூ வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. மெட்ராஸ் லாட்ஜுகளில் கழித்த கட்டில்கள் இங்கேதான் வருமென்று கேள்விப்பட்டு, வாராவாரம் வந்து ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து கடி வாங்கினாள். ஒன்றில் அதிகாரி மாதிரி அதட்டினாள். இன்னொன்றில் யாரோ கிழவனாக முனகினாள்.

"இன்னா யக்கா, வாங்கப் போறியா, இல்ல என் பூச்சிக்கெல்லாம் சோறு போட வந்தியா?" என்பான் கட்டில் விற்கும் யாக்கோபு.

"சும்மா கெட. அடுத்த லோடு எப்ப வருது, அத்த சொல்லு."

வருஷங்கள் போயின. கால் ஆடும் ஒரு மரக்கட்டிலில் கோதண்டம் பேசினான். அவள் வாயிலிருந்தே, தொண்டை கட்டிய அதே குரலில்: "ராஜம்மா, ஒனக்கு இன்னா வாங்கியாரட்டும், சொல்லுடி."

கனகத்திடம் அவன் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. யாக்கோபு கொதிநீர்ச் சொம்பை எடுத்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, கட்டிலைப் பூச்சியோடு அப்படியே வாங்கிப்போனாள்.

அதன்பின் விளக்கு வைத்ததும் அவள் வீட்டில் ஆண்குரல் கேட்கும், போகப்போகப் பெண்குரல் பதில் சொல்லும். கோதண்டம் வந்துவிட்டான் என்று ஊர் முடிவு செய்தது. பங்காளிகள் விசேஷங்களுக்கு அவன் பேரையும் சொல்லி வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். ராஜம்மா என்ற பேருக்குப் பதில் சொல்ல அவளுக்குச் சில மாதம் நாக்கு எழவில்லை. அப்புறம் எழுந்தது.

1979இல் கோதண்டமே வந்தான், தலை நரைத்து, ஒரு தகரப்பெட்டியோடு. வாசலில் நின்று "கனகம்" என்றான். அவள் வெளியே வந்து அவனைப் பார்த்தாள்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு வர்ற நேரம். கெளம்புங்க."

பக்கத்து வீட்டுப் பாண்டுரங்கனுக்கு அந்த முகத்தை எங்கோ பார்த்ததுபோல இருந்தது. வந்தவன் கோதண்டம் என்று தன் பேரைச் சொன்னான். "கோதண்டம் வூட்லதான் கீறாரு. நீ யாருய்யா?" என்று கேட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பஸ் நிற்கும் தெருமுனையைக் காட்டினார்.

பஸ் வருவதற்குள் அந்த வீட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. தன் குரல் ராஜம்மாவைக் கூப்பிடுவதையும், ஒரு பெண் சிரிப்பதையும் கேட்டுக்கொண்டு கோதண்டம் நின்றான்.