மூன்று மில்லிமீட்டர்

பட்டறைக்காரனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. மில்லிமீட்டர் என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். ஒரு நட்டை முடுக்கி, சந்தேகப்பட்டு மறுபடி முடுக்கி, சாப்பிடப் போன இடத்தில் ஞாபகம் வந்து பாதியில் எழுந்து வந்து மூன்றாம் முறையும் முடுக்குகிற ஆள். காலையில் விட்ட வண்டியைச் சாயங்காலம் கேட்டால் முறைப்பான். ஆனால் அவன் கைபட்ட வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. அதனால் திட்டிக்கொண்டே அவனிடம்தான் வந்தார்கள்.

அவனுக்கு ஒரே அக்கா. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அலுவலகங்களுக்குத் தொட்டிச்செடிகளை வாடகைக்கு விடும் பண்ணை ஒன்றுக்கு வண்டி ஓட்டினாள். வாடிப்போனதை ஏற்றிக்கொண்டு வந்து, செழித்ததைக் கொண்டுபோய் வைக்கிற வேலை. வண்டி அவளுடைய சொந்த பிக்கப். அவளைவிட இரண்டு வயது மூத்தது. "கிழம்" என்றுதான் அதைக் கூப்பிடுவாள். அவள் புருஷன் தையல்காரர். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருந்தார். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும் என்று அவள் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாள்.

ஒருநாள் ஏதோ ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டியைத் திருப்ப முடியாமல் போய், காவலாளி வந்து ஸ்டியரிங்கைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார். அங்கிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தாள்.

"டேய், கிழத்துக்கு ஸ்டியரிங் இறுகிப்போச்சு. என்னன்னு பாரு."

ஜாக்கி வைத்துத் தூக்கினான். கிரீஸ் அடித்தான். ஒவ்வொரு மூட்டாக ஆட்டிப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசை ஸ்டியரிங் வளையத்தில் மாட்டி இழுத்தான். நின்ற வண்டிக்குப் பதினாறு கிலோ. போன வருஷமும் அதே பதினாறுதான்.

"வண்டி அப்படியேதான்க்கா இருக்கு."

"அப்ப நான்தான் இறுகிப்போய்ட்டேனா?" என்று சிரித்தாள்.

தராசை அவள் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னான். இரண்டு கையாலும் இழுத்தாள். முள் பத்தில் நின்றுவிட்டது. கைக்கொன்றாகத் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவள். அப்போதுதான் அவள் வலது கையைச் சரியாகப் பார்த்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதையே இல்லை, குழி விழுந்திருந்தது.

மூன்று டாக்டர்களைப் பார்த்தார்கள். முதல் இருவர் சுற்றி வளைத்தார்கள். மூன்றாமவர்தான் வாயைத் திறந்து சொன்னார். நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் போகிற நோய். நாளுக்கு நாள் கூடும். மருந்தால் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்த முடியாது. மில்லிமீட்டர் தன் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் "இனி சரிபண்ண முடியாது" என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். அந்த டாக்டரை அடிக்க வேண்டும் போல் இருந்தது அவனுக்கு.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்டா," என்றாள் அக்கா, திரும்பி வரும்போது. "முடியற வரைக்கும் ஓட்டணும். வண்டில ஏறி உக்காந்தா நான் நோயாளி இல்ல, டிரைவர்."

"பவர் ஸ்டியரிங் இருக்கற வண்டியா ஒண்ணு பாக்கலாம்க்கா."

"கிழம் எங்க நுழையும், எங்க இடிக்கும்னு என் உடம்புக்குத் தெரியும். இனிமே புதுசா ஒண்ணோட பழக எனக்கு நேரம் இல்ல."

அப்படிச் சொன்னால் அவன் என்னதான் செய்வான். கிழத்தின் முன்பக்கத்தையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தான். பட்டை பட்டையான ஸ்பிரிங், தண்டவாளம் மாதிரி ஆக்சில், கல்லைப் போல் சுற்றும் ஸ்டியரிங் பாக்ஸ், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, புதுக்கால கார் ஒன்றின் சஸ்பென்ஷனையும் பவர் ஸ்டியரிங்கையும் அந்த இடத்தில் பொருத்த வேண்டும். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் தேடி, பின்னால் இடிபட்டு முன்னால் கீறல்கூட இல்லாத ஒரு காரைப் பிடித்தான். அதன் என்ஜினுக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கனத்த இரும்பு, அதற்குப் பெயர் கிராஸ்மெம்பர், அதில்தான் எல்லாம் தொங்கும்: சக்கரங்களைத் தாங்கும் இரண்டு பக்கக் கைகள், காயில் ஸ்பிரிங், ஸ்டியரிங் ரேக். அதை முழுசாக அறுத்தெடுத்து வந்து கிழத்தின் அடிச்சட்டமான சேஸிஸில் பற்றவைத்தால் தீர்ந்தது வேலை. சொல்ல ஒரு வரிதான். செய்ய மாதக்கணக்கு.

வேலை நடக்கும்போது அக்கா தினமும் வந்து கவிழ்த்துப்போட்ட டயர் மேல் உட்கார்ந்துகொள்வாள். பண்ணையில் தற்காலிகமாக வேறு ஆளைப் போட்டிருந்தார்கள்.

"டாக்டர்கூட என்னை இவ்வளவு குனிஞ்சு பாக்கலடா," என்பாள், அவன் டார்ச்சோடு சேஸிஸுக்குள் தலையை விட்டிருக்கும்போது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தராசைக் கொடுத்து இழுக்கச் சொல்வான். பத்து. ஒன்பதரை. மறுபடி ஒன்பதரை. ஒன்பது. புது ஸ்டியரிங்குக்கு இரண்டு கிலோ தாராளம். கணக்குப் போட்டுப் பார்த்தான். இந்த வேகத்தில் போனால் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் அவள் ஓட்டலாம். அந்த எண் அவனுக்குத் தெம்பு கொடுத்தது. அதைத் தவிர தெம்பு கொடுக்க வேறு எதுவும் இல்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் வெல்டிங் முடிந்தது. பிரேக்கையும் முடித்து, தெருமுனை வரை அவனே ஓட்டிப்போய்த் திரும்பினான். முகம் சரியில்லாமல் இறங்கினான்.

"ஓடுதா?" என்றாள்.

"ஓடுது."

"திரும்புதா?"

"திரும்புது. ஆனா இடது பக்கம் இழுக்குது."

"இழுத்தா இழுக்கட்டும். சாவியைக் குடு, ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்."

அவன் கொடுக்கவில்லை. நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் குறி போட்டு அளந்தான். இடது சக்கரம் வலதைவிட மூன்று மில்லிமீட்டர் பின்தங்கி இருந்தது. பற்றவைத்த சூட்டில் இரும்பு இழுத்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் வீல் அலைன்மென்ட் பார்க்கிறவர் வந்து குனிந்து பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு விஷயமாய்யா? என் மிஷின்ல ஏத்து, முக்கால்வாசி சரிக்கட்டித் தரேன். மிச்சத்தை அவங்க கை பாத்துக்கும்."

"அந்தக் கைக்குத்தானே இதைச் செய்யறேன். கையில பலமில்லாதவங்களுக்கு இழுக்கற வண்டியைக் குடுப்பாங்களா?"

நியாயமான பேச்சு, அதுதான் கொடுமை. அக்கா அவன் முகத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் ஒற்றைக்காலில் நின்றால் அசைக்க முடியாது என்று பிறந்த வீட்டிலேயே கண்டவள். "உன் இஷ்டம்டா," என்று எழுந்து போனாள். அன்றைக்கே கிரைண்டரை எடுத்து, பற்றவைத்ததை எல்லாம் அறுத்துவிட்டான்.

ஒரு வாரத்தில் முடிப்பதாகத்தான் இருந்தது. அறுத்த இடத்தில் சேஸிஸ் தகடு மெலிந்துபோயிருந்தது. புதுத் தகடு வெட்ட வேண்டியதாயிற்று. தகடு வந்தபோது கிராஸ்மெம்பரில் போல்ட் மாட்டும் ஒரு காதில் மயிரிழை விரிசல் தெரிந்தது. வேறொருவனாக இருந்தால் பற்றவைத்து மூடியிருப்பான். இவன் வேறு கிராஸ்மெம்பர் தேடினான். அதே கார், அதே வருஷம், முன்னால் அடிபடாதது. ஒரு மாதம் அலைந்து பிடித்தான். தராசில் எட்டரை, எட்டு. கணக்குப்படிதான் போகிறது என்று தைரியமாக இருந்தான்.

அதற்குள் அக்கா தினமும் வருவது நின்றிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு ஒருநாள், பிறகு இவனே ஞாயிற்றுக்கிழமை தராசை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். தையல் மேஜைக் காலில் கொக்கியை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே இழுக்கச் சொல்வான். மடியிலிருந்து பாதம் வரை ஒரு துணியைப் போர்த்தியிருப்பாள். தைக்க வந்த துணி என்று நினைத்தான். அவன் கண் முள்ளில்தான் இருந்தது.

"ஏழரைக்கா. நல்லாத்தான் இருக்கே."

"நல்லாத்தான் இருக்கேன்."

ஒருமுறை அவன் கிளம்பும்போது அவள் எழுந்து உள்ளே நடந்தாள். ஒரு பாதம் தரையில் டப் டப் என்று அறைந்தது.

"செருப்பு வாரு விட்டுப்போச்சு பாருக்கா. வேற மாத்து," என்றான்.

மாமா தலையைத் தூக்கவே இல்லை. ஊசிக்கு நூல் கோர்ப்பதிலேயே குறியாக இருந்தார். எங்கோ ஒரு வண்டி போகிற சத்தத்தை வைத்தே எந்தப் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவன், தன் அக்கா நடக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டுச் செருப்பைக் குறை சொன்னான்.

கடைசியாக ஒருநாள் காலையில் நூல் இரண்டு சக்கரத்தையும் ஒரே மாதிரி தொட்டது. பின்னம் இல்லை, பிசிறு இல்லை. மூன்று முறை அளந்தான். ஓட்டிப் பார்த்தான். பிறகு போன் போட்டு, "வாக்கா," என்றான், வேறு எதுவும் சொல்லாமல்.

வாடகைக் கார் ஒன்று பட்டறை வாசல்வரை வந்து நின்றது. மாமா முதலில் இறங்கி, அக்காவின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இறக்கினார். களைப்பாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டான். இருவருமாகத் தாங்கி அவளைக் கிழத்தின் டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, அவனே ஸ்டார்ட் பண்ணினான்.

"சும்மா ஒரு விரலை வெச்சுச் சுத்துக்கா."

ஆள்காட்டி விரலை வளையத்தில் வைத்தாள். ஸ்டியரிங் சுற்றியது. கடைசிவரை ஒரு பக்கம், பிறகு கடைசிவரை மறுபக்கம். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னடா இது, வெண்ணெய் மாதிரி," என்றாள். அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"கிளட்ச்சை மிதிச்சு முதல் கியர் போடு. தெருமுனை வரைக்கும் போய்ட்டு வா."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். இரண்டு கையாலும் தன் இடது தொடையைத் தூக்கி, பாதத்தைக் கொண்டுபோய் கிளட்ச் மேல் வைத்தாள். பெடல் அசையவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். பாதம் வழுக்கி விழுந்தது.

அவன் புத்தி எங்கே போகும்? பெடல் மாட்டிக்கொண்டது என்று நினைத்தான். கதவைத் திறந்து, குனிந்து, உள்ளங்கையால் அழுத்தினான். பெடல் சுகமாக இறங்கி ஏறியது. அந்தக் குனிந்த நிலையில்தான் கால் அவன் கண்ணெதிரில் வந்தது. கெண்டைச்சதை வற்றி, பாதம் தொங்கிக்கொண்டு இருந்தது.

"எப்பத்திலிருந்து?" என்று கேட்டான், நிமிராமல்.

"ரெண்டு மாசம் ஆகுது மாப்ளே," என்றார் மாமா. "உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டா."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? முடிக்கற வேலையை விட்டுட்டு, அதையும் கழட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. இதையாவது முடிக்கட்டும்னு விட்டேன்."

"ஆட்டோ கியர் மாத்திடலாம்க்கா." அவன் பேச்சு தடதடவென்று வந்தது. "கிளட்ச்சே வேண்டாம். அதே கார்ல இருந்து கியர்பாக்ஸை எடுத்துடலாம். தரையில கொஞ்சம் வெட்டணும், ஒரு மாசம், மிஞ்சிப்போனா ஒன்றரை மாசம்..."

"டேய்." அவள் அவன் தோளில் கை வைத்தாள். அந்தக் கைக்குக் கனமே இல்லை. "வலது காலும் ஆரம்பிச்சிடுச்சுடா."

அவன் தராசில் காலுக்கு இடமில்லை. ஆறு மாதமாகக் கையை அளந்துகொண்டிருந்தான். நோய் அதுபாட்டுக்கு வேறு பக்கமாக இறங்கிப் போயிருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்து அழுதால் யாருக்கும் தெரியாது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதற்கும் வழியில்லை.

"சரி, என்னை அந்தப் பக்கம் தூக்கி உக்கார வை," என்றாள் அவள்தான். "நீ ஓட்டு. எப்படிப் போகுதுன்னு பாக்கறேன்."

மாமா பட்டறையிலேயே நின்றுகொண்டார். அவன் ஓட்டினான். தெருவைத் தாண்டி, கிடங்குகள் வரிசையாக இருக்கும் நேர்ச்சாலைக்கு வந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினான். வண்டி துளி விலகாமல் போனது. அவன் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான். அக்கா ஜன்னல் வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அன்னைக்கு முதல்ல வெல்டிங் முடிச்சு ஓட்டினியே," என்றாள் கொஞ்சம் கழித்து. "அப்ப எவ்வளவு இழுத்துச்சு?"

"மூணு மில்லிமீட்டர்."

"எனக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியாதுடா. ஓட்டறப்ப எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லு."

பொய் சொல்லியிருக்கலாம். பயங்கரமாக இழுத்தது, தெருவில் நிற்கவில்லை என்று அடித்துவிட்டிருக்கலாம். அளவு விஷயத்தில் அவனுக்குப் பொய் வராது.

"லேசா ஒரு விரலை வெச்சுத் தள்ளிப் பிடிச்சா நேராப் போயிருக்கும்க்கா."

அவள் தலையை ஆட்டினாள்.

"அன்னைக்கு எனக்குப் பத்து விரலும் வேலை செஞ்சுதேடா. ரெண்டு காலும் இருந்துச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், செடி வைத்த இடத்தை யாருக்கோ அடையாளம் சொல்வது போல. மன்னிப்புக் கேட்டால் அவள் அவனைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள் என்று தெரிந்ததால் அவன் அதையும் கேட்கவில்லை.

முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. அவன் கிளட்ச்சை மிதித்துக் கியரைக் குறைத்தான். அக்கா சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவன் கால் இறங்கி ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.