கடைசி நிறுத்தத்தில் மூன்று நிமிடம்

ரகுபதி கேட்டு வாங்கிக்கொண்டது காலி பஸ்ஸை.

புக்கிட் பாஞ்சாங்கில் பதினேழு வருடம் ஒரே தடத்தில் ஓட்டியவர். அவர் மனைவி கமலா அந்தப் பஸ்ஸில்தான் வேலைக்குப் போய் வந்தாள். பள்ளிக்கூட கேன்டீனில் வேலை. முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரிடமும் பேசிக்கொண்டே வருவாள். அவள் இறந்த பிறகு, "என்ன அங்கிள், ஆன்ட்டியைக் காணோமே?" என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்டார்கள். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே "போயிட்டாங்க" என்பார். சிலர் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, எப்போது திரும்பி வருவாள் என்றும் கேட்டார்கள்.

எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்கு விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வு நடத்திய சீனப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பொங்கோலில் ஒரு புதுத் தடம் இருக்கிறது, வீடுகளில் பாதி இன்னும் கட்டி முடியவில்லை, குடிவருகிறவர்களுக்கு முன்னாலேயே பஸ் ஓட வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது, பல நடைகளில் ஆளே இருக்க மாட்டார்கள், ரொம்பவும் சலிப்பாக இருக்கும் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அதுவே போதும்," என்றார் ரகுபதி.

வீட்டில் அவரைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. மகன் ரஞ்சன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான்.

புதுத் தடம் அந்தப் பெண் சொன்னபடியே இருந்தது. இன்டர்சேஞ்ச் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பிக் கடலோரம் வரை போய், சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். பன்னிரண்டு நிறுத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர்ப் பலகை இருந்தது, பெஞ்சு இருந்தது, பின்னால் பளிச்சென்று வெள்ளையடித்த பதினாறு மாடி புளோக்குகள் இருந்தன. ஜன்னல்களில் ஒரு துணிகூடக் காயவில்லை. சில நடைகளில் கதவைத் திறக்காமலேயே முழுச் சுற்றும் போய்வந்தார். ஆள் ஏறாததால் பஸ் நேரத்துக்கு முன்னாலேயே போய்விடும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டு, மூன்று நிமிடம் நின்று போகச் சொல்வார்கள். அவர் கடலை ஒட்டிய கடைசி நிறுத்தத்தில் நிற்பார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் பக்கத்து நாட்டு ஜொகூரின் புகைபோக்கிகள் தெரியும். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாவது வாரம், திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, அந்த நிறுத்தத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். தலையில் சாம்பல் நிற முக்காடு, தோளில் பை. ஏறுகிறபோதே அவருடைய சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டாள்.

"அண்ணே, இது எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனுக்குப் போகுமா?"

"போகும்."

"எத்தனை நிமிஷம் ஆகும்?"

"ஆள் இல்லைன்னா ஒம்போது."

அவள் திரும்பிக் காலி இருக்கைகளைப் பார்த்தாள். "அப்ப ஒம்போதுதான்," என்று சொல்லிவிட்டு முதல் இருக்கையில் உட்கார்ந்தாள்.

பஸ் இன்னும் மூன்று நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. கமலா உட்கார்ந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தது ரகுபதிக்கு என்னவோ போல் இருந்தது. பேச்சுக் கொடுக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அவள் பேசினாள். மறுநாளும் பேசினாள். ஒரு வாரத்துக்குள் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பெயர் ஃபஸீலா. வயது நாற்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் கவுன்டரில் வேலை. வாப்பாவும் உம்மாவும் போன பிறகு குவீன்ஸ்டவுனில் அண்ணன் ஜமால் முகம்மது வீட்டில் இருந்தாள். அண்ணனைக் 'காக்கா' என்றுதான் சொல்வாள்.

"மூணு ரூம் வீட்ல ஏழு பேருண்ணே. நான் ஹாலில படுப்பேன். எல்லாரும் டிவி பாத்து முடிக்கணும், அப்புறந்தான் நான் மெத்தையைப் போட முடியும். கல்யாணம் ஆகாதவங்களுக்கு முப்பத்தஞ்சு வயசு ஆனாத்தான் அரசாங்க வீடு, அது ஆனதும் இந்த ரெண்டு ரூம் வீட்டுக்கு அப்ளை பண்ண ஆரம்பிச்சேன். நாலு தடவை கிடைக்கலை. அஞ்சாவது தடவை கிடைச்சுது. அதுக்கப்புறம் கட்டி முடிக்க அஞ்சு வருஷம்."

"இப்ப சந்தோஷம்தானே?"

ஃபஸீலா ஜன்னல் வழியாகத் தன் புளோக்கைப் பார்த்தாள். "எங்க புளோக்ல இப்ப நான் மட்டுந்தான் இருக்கேன். லிஃப்ட்ல எந்த மாடியை அமுக்கினாலும் நிக்காம நேரா போகுது. முதல் நாள் அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. இப்ப ரெனோவேஷன் பண்ற பங்களாதேஷ் ஆளுங்க சுவத்துல டிரில் பண்ண ஆரம்பிச்சாத்தான், அப்பாடான்னு இருக்கு."

ரகுபதி சிரித்துவிட்டார். கடைசியாக எப்போது சிரித்தோம் என்று அன்று மதியம் சாப்பிடும்போது யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை.

அங்கே அப்போது கடை கிடையாது. காப்பிக்கடைக்கு இடம் விட்டிருந்தார்கள், கடை வரவில்லை. கிளினிக், சந்தை எல்லாம் வரப்போவதாகப் பலகை மட்டும் நின்றது. ஒரு நாள் ஃபஸீலா, முட்டை வாங்கவே இன்டர்சேஞ்ச் வரை போக வேண்டியிருக்கிறது, வேலை முடிந்து வருவதற்குள் கடையில் தீர்ந்துபோகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். மறுநாள் காலை அவர் ஒரு தட்டு முட்டையும் சின்ன வெங்காயமும் வாங்கிவந்து பஸ்ஸின் முன்பக்கத்தில் வைத்திருந்தார். அவள் பையை வாங்கிக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்தாள், புளோக்கைப் பார்த்தாள்.

"வச்சுட்டு ஓடி வந்துடுறேன். நிப்பீங்களா?"

"மூணு நிமிஷம் இருக்கு. ஓடுங்க."

அவள் ஓடினாள். நாற்பத்து மூன்று வயதுப் பெண் முட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தபோது, அவள் நேரத்துக்குத் திரும்பிவர வேண்டுமே என்று அவருக்குப் பதற்றமாக இருந்தது. வந்துவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒண்ணுகூட உடையலை," என்றாள்.

அதன் பிறகு அவர் அவளிடம் கமலாவைப் பற்றிச் சொன்னார். யாரும் கேட்காமல் அவராகச் சொன்னது அதுவே முதல் தடவை. ஃபஸீலா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவருடைய மனைவி கேன்டீனில் என்ன சமைப்பார் என்று மட்டும் கேட்டாள். மீ சியாம், புளி போட்ட சேமியா, என்றார் ரகுபதி. அன்றைக்கு மூன்று நிமிடம் முடிந்து, நாலாவது நிமிடமும் பஸ் நின்றது.

சீனப் புத்தாண்டு கழிந்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் லாரிகள் வந்தன, சோபாக்களும் குளிர்பதனப் பெட்டிகளும் இறங்கின. ஜன்னல்களில் துணி காய்ந்தது. பிறகு தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு இளம் தாய்மார்கள் ஏறினார்கள். பாலர் பள்ளி திறந்தது. காப்பிக்கடையும் வந்தது. ஜூன் மாதத்துக்குள் உட்கார இடமில்லை. செப்டம்பரில் நிற்கவும் இடமில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து நிற்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஏன் தாமதம் என்றுதான் கேட்டார்கள். வருகிற கூட்டத்துக்குப் பஸ் போதவில்லை என்று குடியிருப்பாளர்கள் எழுதிப் போட்டார்கள். இன்னும் பஸ் விடுவதற்கு ஓட்டுநர்கள் கிடைக்கவில்லை.

ஃபஸீலா முதலில் இருக்கையை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள். கூட்டம் சேரச் சேர, பின்னால் தள்ளிப் போனாள். "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று அவரே ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியிருந்தது. இறங்கும்போது பின் கதவு வழியாக இறங்கினாள். கண்ணாடியில் சாம்பல் நிற முக்காடு தெரிந்தால், இன்று வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

நவம்பரில், அவள் புளோக்குக்கு அப்பால் இருந்த காட்டை வெட்டிக் கட்டியிருந்த ஆறு புளோக்குகளுக்குச் சாவி கொடுத்தார்கள். தடத்தை நீட்டினார்கள். கடைசி நிறுத்தமாக இருந்தது நடுவில் வரும் நிறுத்தமாகிவிட்டது. அங்கே வரும்போதே பஸ் நிரம்பியிருந்தது.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. பஸ்ஸுக்குள் முன்கதவுப் படி வரை ஆள் நின்றார்கள். முன்கதவை ஒட்டிய மஞ்சள் கோட்டைத் தாண்டி ஆள் நிற்கும்போது கதவைத் திறக்கக் கூடாது. அவள் நிறுத்தத்தில் பதினைந்து பேர் குடைகளோடு கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஃபஸீலாவும் இருந்தாள். அவர் வேகத்தைக் குறைத்து, அடுத்த பஸ்ஸில் வாருங்கள் என்று கையால் காட்டினார். மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். சக்கரம் தெளித்த தண்ணீர் அவள் காலில் பட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவள் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அந்த வாரத்தில்தான் புது ரயில் நிலையத்தைத் திறந்திருந்தார்கள். அவள் புளோக்கிலிருந்து நடந்து போகிற தூரம். ரயிலில் போகிறாள், அதுதான் சௌகரியம் என்று ரகுபதி தனக்கே சொல்லிக்கொண்டார். ஆனாலும் அந்த நிறுத்தம் வரும்போதெல்லாம் குடைகளுக்கு நடுவே தேடினார். பஸ்ஸில் எண்பது பேர் இருந்தார்கள். எண்பது பேரும் கையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் அவர் கேட்டு வாங்கிக்கொண்ட நிசப்தம் இதுதான். இப்போது அது தாங்க முடியவில்லை.

ஜனவரியில் ஒரு விடுமுறை நாளில் அவர் லிட்டில் இந்தியாவுக்குப் போனார். பொங்கல் சமயம், சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு அலங்காரம், கரும்புக் கட்டுகள், நடைபாதையில் நடக்க முடியாத கூட்டம். கிளினிக்கின் பெயர் அவருக்குத் தெரியாது. தேக்கா சந்தைக்குப் பின்பக்கம் என்று அவள் சொன்னது மட்டும் தெரியும். இரண்டு கிளினிக்குகளில் நுழைந்து வெளியே வந்தார். மூன்றாவதில் சாம்பல் நிற முக்காடு தெரிந்தது.

ஃபஸீலா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். "ஐசி கொடுங்க. முதல் தடவையா வர்றீங்களா?" என்றாள் நிமிராமலேயே.

"ஆமா."

குரலைக் கேட்டு நிமிர்ந்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, "உடம்புக்கு என்னண்ணே?" என்றாள்.

"சும்மா. பிரஷர் பாக்கலாம்னு."

"உங்க வீட்டுப் பக்கம் புக்கிட் பாஞ்சாங்ல கிளினிக் இல்லையா?"

அவர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டாள். பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னாள்.

அவர் ஓரமாக உட்கார்ந்து பெயர், முகவரி, போன் நம்பர், ஒவ்வாமை எல்லாவற்றையும் எழுதினார். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற கட்டத்தில் பேனா நின்றது. ரஞ்சனின் பெர்த் நம்பரை எழுதலாமா என்று பார்த்தார். ஆஸ்திரேலியா நம்பருக்கு அந்தக் கட்டத்தில் இடமும் போதாது, அவன் வந்து சேர ஒரு நாள் ஆகும். வெறுமையாக விட்டுவிட்டுத் தாளைக் கொடுத்தார்.

ஃபஸீலா படித்தாள். "இது காலியா இருக்கே?"

"இங்க யாரும் இல்ல லா. விடுங்க."

"காலியா விட்டா சிஸ்டம் எடுக்காது."

"அப்ப என்ன செய்யறது?"

அவள் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினாள், தன் கைப்பேசி நம்பரை எழுதினாள். உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதிவிட்டு, தாளைத் தட்டில் போட்டாள். எழுதும்போது அவரைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு மழையில…" என்று ஆரம்பித்தார் ரகுபதி.

"பஸ் ஃபுல்லா இருந்துச்சு. நான் பாத்தேனே."

"நிறுத்தியிருக்கலாம்."

"நிறுத்த முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இங்க கிளினிக்குக்கு வந்து அழுதேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க மாடில இப்ப பத்து வீட்லயும் ஆள் இருக்காங்க. லிஃப்ட் எல்லா மாடிலயும் நிக்குது. ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. காக்கா மாசத்துக்கு ஒரு தடவை ஃபோன் பண்றாரு. உங்க பஸ்தான்…" அதற்குள் பின்னால் நின்றவர் இருமினார். "உக்காருங்கண்ணே. நம்பர் வந்ததும் கூப்பிடுறேன்."

பிரஷர் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். வெளியே வந்தபோது கவுன்டரில் வேறொரு பெண் இருந்தாள். ஃபஸீலா மதிய ஜொஹர் தொழுகைக்குப் போயிருந்தாள். காத்திருக்கலாமா என்று நினைத்தார், ஆனால் காத்திருக்கவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கி நடந்தார்.

அடுத்த நாள் காலை நடைகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. பத்தரை மணி ஓய்வில் இன்டர்சேஞ்சின் ஓட்டுநர் அறையில் உட்கார்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். ஆங்கில எழுத்தில் தமிழ்: சாப்பிட்டாச்சாண்ணே, மாத்திரை போட்டீங்களா.

அவருக்குத் தட்டெழுதிப் பழக்கமில்லை. ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, சாப்பிட்டேன் என்று எழுதி அனுப்பினார். அது பொய். அடுத்த நடைக்கு இருபது நிமிடம் இருந்தது. எழுந்து, கீழே கடையில் ரொட்டி பிராட்டா இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.