நல்ல செல்களும் செத்தன

கொட்டிவாக்கம் கடற்சேற்றில் ஆய்வு மாணவி ஷண்முகப்ரியா கண்டெடுத்த பாக்டீரியாவிலிருந்து ஒரு மஞ்சள் சாறு கிடைத்தது. மார்பகப் புற்றுநோய் செல்கள் மேல் விட்டால் அவை சுருங்கிச் செத்தன. அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் விஜயராகவன், அடையாறு ஆய்வுக்கூடம் முழுக்கக் கேக் கொடுத்தார்.

பிறகு அதே அளவை ஆரோக்கியமான சிறுநீரகச் செல்கள் மேல் விட்டாள். அவற்றிலும் பாதிக்கு மேல் செத்தன. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். அதே கதைதான்.

"இது அடுத்த கட்டுரைக்கு இருக்கட்டும்மா. நீ பேசப்போற கருத்தரங்குக்குப் பத்திரிகைக்காரங்க வராங்க, நல்லதை மட்டும் சொல்லு," என்றார் அவர்.

சாந்தோம் வீட்டில் அம்மா ஜெயபாரதி படுத்திருந்தாள். தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை பிரித்துக் காட்டியவள். அவளுக்கும் மார்பகப் புற்றுநோய்தான், கீமோ நடந்துகொண்டிருந்தது.

"நீ கண்டுபுடிச்சத கொஞ்சம் எடுத்துனு வாயேன். ஊசி போட்டா வாயெல்லாம் வெந்துபோவுது."

"அது மருந்து இல்லம்மா. நல்ல செல்லையும் கொல்லுது."

"ஊசி மட்டும் இன்னா பண்ணுதாம்?"

"ஊசில எவ்ளோ குடுத்தா உடம்பு தாங்கும்னு தெரிஞ்சு குடுக்கறாங்க. இதுல எனக்கே தெரியாது."

"பெத்தவளுக்குக் குடுக்காம யாருக்குடி குடுக்கப் போற?"

"யாருக்கும் குடுக்க மாட்டேன். உனக்கும்தான்."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ப்ரியா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் விஜயராகவனிடம், நல்லதை மட்டும் சொல்ல முடியாது என்றாள்.

"உங்கம்மா மாதிரி எத்தனை பேருக்கு நம்பிக்கை வரும், யோசிச்சியா?"

"எங்கம்மாவே கேட்டாங்க சார். நான் தரல."

உரை மகேஷிடம் போனது. கூடவே வேலை செய்த பையன், நல்லவன்தான், பயந்தவன். கருத்தரங்கில் அவன் செத்த புற்றுநோய் செல்களின் படத்தைக் காட்டியதும் கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ப்ரியா எழுந்தாள்.

"ஆரோக்கியமான செல்கள்ல சோதிச்சீங்களா?"

விஜயராகவன் அவளையே முறைத்தார். மகேஷ் அவரைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"சோதிச்சோம். பாதிக்கு மேல செத்துடுச்சு," என்றான்.

முன்வரிசையில் ஒரு நிருபர் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார்.

வெளியே விஜயராகவன் கத்தவில்லை. "வேற கைடு பாத்துக்கோ," என்றார், அவ்வளவுதான்.

"பாத்துக்கறேன் சார். சேறு நான் எடுத்தது, பாக்டீரியாவும் வேலையும் என்னோட வரும். நல்ல செல்லை விட்டுட்டுக் கெட்டதை மட்டும் கொல்ற மாதிரி மாத்த முடியுமான்னு பாக்கப் போறேன்."

வீட்டில் அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ப்ரியா நடந்ததைச் சொன்னாள். அம்மா மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தினி பேர் முன்னாடியா கேட்ட?"

"ஆமா."

"ம்." தம்ளரைக் கீழே வைத்தாள். "உன்மேல இன்னும் கோவம் போவல. நாளைக்கு ஊசிக்குப் போவணும், ஆட்டோ சொல்லிடு."