மூன்றாவது மென்பொருள்

தம்பி நீச்சல் குளத்தில் இறந்து நான்கு மாதம் கழித்து, இதய மருத்துவர் என்னிடம் ஒரு குடும்ப மரம் கேட்டார்.

"மூணு தலைமுறை வேணும். யார், எந்த வயசுல, எப்படிப் போனாங்க. எதையும் விட்டுடாதீங்க."

தம்பிக்குப் பத்தொன்பது வயது. நன்றாக நீந்துவான். குதித்தான், மேலே வரவில்லை. பிரேதப் பரிசோதனையில் எடுத்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்தபோது ஒரு மரபணுக் கோளாறு தெரிந்தது. ஓட்டம், குளிர்ந்த தண்ணீர், திடீர்ச் சத்தம், ஏதாவது ஒன்று போதும். துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றுவிடும். முன்பே தெரிந்தால் மாத்திரையால் பெரும்பாலும் தடுக்கலாம். பேருந்தைப் பிடிக்க ஓடி நாற்பத்தொரு வயதில் விழுந்த அப்பாவுக்கும் இதுவே இருந்திருக்கும் என்றார். என்னையும் சோதித்தார்கள். எனக்கு இல்லை.

அத்தை மகள் விஷயம் கேள்விப்பட்டு உடனே போன் செய்தாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர், எனக்கு ஊமைக்கோட்டான். இருவருக்கும் ஒரே வயது.

"டாக்டருக்கு மரம் போடுறியாமே? அப்படியே எனக்கும் ஒண்ணு போடு. கல்யாணத்தன்னிக்கு வாசல்ல பெருசா மாட்டணும். எல்லார் போட்டோவும் வேணும். மாமா, தம்பி எல்லாரும் இருக்கணும்."

"சரி" என்றேன்.

மூன்று மென்பொருள்களை முயன்றேன். முதலாவது இணையதளம். பச்சை மரம், கிளைதோறும் புகைப்படம். அழைக்கப்பட்ட உறவினர் எல்லாருக்கும் ஒவ்வொரு மாற்றமும் மின்னஞ்சலில் போகும். தம்பியைச் சேர்த்து, இறந்த தேதியை இட்டதும், 'உங்கள் மரத்தில் பத்துப் பேர் ஆகிவிட்டார்கள், வாழ்த்துகள்!' என்றது. இரண்டாவது கைபேசிச் செயலி. பிறந்தநாள்களை நினைவூட்டும், சாவைப் பற்றி எதுவும் கேட்காது. மூன்றாவது இலவசம். இருபது வருடம் பழையது போலச் சாம்பல் நிறத்தில் இருந்தது. என் கணினிக்குள்ளேயே இருக்கும், வெளியே போகாது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. இறந்திருந்தால் குறுக்கே ஒரு கோடு. மருத்துவர் வரைவதும் இப்படித்தான். மூன்றாவதை எடுத்தேன்.

விவரம் கேட்க அத்தை வீட்டுக்குப் போனேன். மேசை முழுக்கக் கல்யாணப் பத்திரிகைகள். அத்தை உறைகளில் முகவரி எழுதிக்கொண்டிருந்தார்.

"கூடப் பிறந்தவங்க நீங்களும் அப்பாவும் மட்டுந்தானே அத்தை?"

பேனா நின்றது. "இப்ப எதுக்குடி அது?"

மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அத்தை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்கு மேல ஒருத்தி இருந்தா. பதினேழு வயசு. ஏரியில போயிட்டா. மீன் மாதிரி நீந்துறவ எப்படி முழுகுவா? எவனையோ நினைச்சு வேணும்னே செத்துட்டான்னு ஊரே பேசுச்சு. எங்கப்பா எல்லா போட்டோவுலயும் அவளை வெட்டி எடுத்தார். அவ பேரை வீட்டுல யாரும் சொல்லக்கூடாது."

"தம்பியும் நல்லா நீந்துவான் அத்தை."

அவர் ஓர் உறையைக் கையில் எடுத்தார்.

"அப்ப அவ சாகணும்னு போகலையா?"

"போயிருக்க மாட்டாங்க."

"கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தது நான்தான்டி" என்றார். கையில் இருந்த உறை கசங்கியது.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது. வேறு நேரம் எனக்குத் தெரியவில்லை. "உங்களுக்கு இருந்தா உங்க பொண்ணுக்கும் வந்திருக்கலாம். நீங்களும் அவளும் சோதிக்கணும் அத்தை."

அத்தையின் முகம் மாறியது. "கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கு. மாப்பிள்ளை வீட்டுக் காதுல விழுந்தா அவ்வளவுதான். முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். அதுவரைக்கும் நீ அவகிட்ட வாயைத் திறக்கக் கூடாது."

"அத்தை, இருபது நாள்ல..."

"உனக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சு. இப்ப எங்க வீட்டுல கொள்ளி வைக்க வந்தியா?"

"சரி அத்தை" என்றேன். எப்போதும் அதைத்தான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வட்டம் வரைந்து கோடு போட்டேன். பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. பெயரைக் கேட்க மறந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து வாயாடி கூப்பிட்டாள். "எந்த சாஃப்ட்வேர் எடுத்தே? பிரிண்ட் கடைக்காரன் உயிரை எடுக்குறான். அப்புறம் ஒரு விஷயம், கல்யாணம் முடிஞ்சதும் கடலுக்குப் போறோம். அவர் எனக்கு நீச்சல் சொல்லித் தரப் போறாராம். சிரிக்காதே."

நான் சிரிக்கவில்லை. "வீட்டுக்கு வா. காட்டுறேன்" என்றேன்.

வந்தாள். அத்தையிடம் வாயைத் திறப்பதில்லை என்று சொல்லியிருந்தேன். திறக்கவில்லை. கணினியை அவள் பக்கம் திருப்பினேன்.

"அய்யோ, இதையா வாசல்ல மாட்டுறது? கல்யாணத்துக்கு வந்தவன் இழவு வீடுன்னு திரும்பிப் போயிடுவான்." சிரித்தபடியே விரலை மேலிருந்து இறக்கினாள். என் அப்பா, கறுப்புச் சதுரம், கோடு. தம்பி, கறுப்புச் சதுரம், கோடு. விரல் மறுபடி மேலே ஏறி, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றது.

"இந்த வட்டம் யாரு?"

"உன் பெரியம்மா."

"எனக்குப் பெரியம்மாவே கிடையாதே."

எதிரே 'ஏரி, 17' என்று இருந்தது. படித்தாள். விரல் அவளுடைய வட்டத்துக்கு வந்தது. உள்ளே ஒரு கேள்விக்குறி.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

ஆமென்று தலையசைத்தேன்.

எழுந்து வாசலுக்குப் போனாள். ஒரு காலில் செருப்பை மாட்டினாள். பிறகு அதைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"ரத்தம் எங்க கொடுக்கணும்?"

முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அதற்குள் மாப்பிள்ளையிடம் அவளே சொல்லிவிட்டாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். அதற்குப் பிறகு அங்கிருந்து யாரும் கூப்பிடவில்லை. பத்திரிகைகள் அதே மேசையில் கிடப்பதாகச் சொன்னாள். அத்தை என்னோடு பேசுவதில்லை.

மாத்திரைப் பட்டையோடு போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் திறக்கச் சொன்னாள். "பெரியம்மா பேரு கேட்டுட்டு வந்திருக்கேன்" என்று கட்டத்தில் தானே தட்டினாள். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"என்னோடதையும் போடு. நான் பாக்கணும்."

அவள் வட்டத்தைத் தொட்டு, 'நோய் உண்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே கறுப்பு நிரம்பியது.

கறுப்பின் மேல் விரலை வைத்தாள். "கோடு?"

"கோடு இல்ல" என்றேன்.