வளையம் தெரிந்தால் போடலாம்

வெள்ளவத்தையின் வானம், சென்ற கார்த்திகை மாதம் முதல், திருவாளர் நாகேந்திரம் அவர்களின் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டது. இதுகாறும் கேட்பாரற்றுக் கிடந்த சூரிய மண்டலத்துக்குக் காப்புறுதிக் கம்பனியொன்றின் இளைப்பாறிய கிளை முகாமையாளர் ஒருவர் கிடைத்திருப்பதையிட்டு, கோள்கள் யாவும் ஆறுதலடையலாம்.

பொறுப்பேற்பு நடந்தது பழைய மாணவர் சங்கத்துக் கொழும்புக் கிளையின் கூட்டத்தில். சங்கம் அச்சிடும் நாட்காட்டியின் அட்டையில் வருடாவருடம் தலைவர் தியாகராசா எடுத்த தேர்ப்படம்தான் வரும். அதே தேர், அதே வடம், ஓரத்தில் அதே தண்ணீர்ப் பவுசர் லொறி. இம்முறை அட்டைக்குத் தன் தொலைநோக்கியால் தானே எடுத்த சனிக்கிரகத்தின் படத்தைத் தருவதாக நாகேந்திரம் எழுந்து அறிவித்தார். கைதட்டுவதற்கு வசதியாகச் சற்று நிறுத்தியும் பார்த்தார்.

"சனியோ?" என்றார் தியாகராசா. "விளங்கித்தான் கதைக்கிறீரோ, நாகேந்திரம்? கோயிலிலயே சனிக்கு நேர நிக்காமல் ஒதுங்கி நிண்டு கும்பிடுற சனம். புதுவருசத்தண்டு விடிய எழும்பி அவற்ர முகத்தில முழிக்கச் சொல்லுறீரோ?"

"ஒவ்வொரு நாட்காட்டியோடயும் ஒரு எள்ளெண்ணெய்ப் போத்திலும் குடுப்பம்," என்றார் பொருளாளர் சாரங்கன். சபை சிரித்தது.

நாகேந்திரத்துக்குக் காது சூடேறியது. "நான் காட்டப் போறது சனியை இல்லை, அதின்ர வளையத்தை. அந்த வடிவைப் பாத்தால் ஒருத்தருக்கும் சனி எண்ட நினைப்பே வராது."

தியாகராசா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. வளையம் தெரிஞ்சால் போடலாம். இல்லாட்டித் தேர்."

தொலைநோக்கி வீட்டில் இருந்தது. படம் எடுப்பதற்கான துணைச் சாமான்கள்தான் இல்லை. தன் கமராவுக்கு எது பொருந்தும், தொலைநோக்கியின் தாங்கி எதை ஏற்கும் என்று பார்த்து, ஒரே இடத்தில் வாங்குவதுதான் முறை. நாகேந்திரம் நம்மவர்களின் முறையைக் கைக்கொண்டார். கொழும்புக்கு யார் வருகிறார்கள் என்று விசாரித்து, ஆளுக்கொரு சாமானாகச் சூட்கேசில் கொண்டுவரச் சொன்னார். வெளிநாட்டு உறவினர் நாம் கேட்டதைக் கொண்டுவருவதில்லை, நமக்கு எது நல்லதென்று அவர்கள் முடிவெடுத்தார்களோ அதைத்தான் கொண்டுவருவார்கள் என்பது, சொக்கலேட் விஷயத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரொறன்ரோ மச்சான் கார்த்திகனிடம் கமராவைத் தொலைநோக்கியில் பொருத்தும் அடாப்டரைக் கேட்டிருந்தார். வந்தது பொருந்தவில்லை.

"மச்சான், என்ர கமரா கனன் எண்டு சொன்னனான்."

"ஓம், சொன்னனீங்கள். ஆனா நிக்கோன்தான் திறம். நான் அதுதான் பாவிக்கிறன். நீங்கள் கமராவை மாத்துங்கோ."

அடாப்டரோடு ஒரு மோட்டார்த் தாங்கியையும் மச்சான் அனுப்பியிருந்தார். வானம் நகர நகரத் தானும் நகரும் அருமையான சாதனம். ஒரு நிபந்தனை, அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்கவேண்டும். ரொறன்ரோவில் அந்த நட்சத்திரம் பாதி வானம் ஏறி நிற்கும். கொழும்பில் அது அடிவானத்தோடு படுத்துக் கிடக்கிறது, அதுவும் பக்கத்து மாடிக்கட்டடத்துக்குப் பின்னால். அச்சை அவ்வளவு தாழ்த்தினால், சமநிலைக்காகத் தொங்கும் பாரக்கட்டை முக்காலியின் காலில் இடித்தது. கடைசியில் மொட்டை மாடியில் வைத்துத் தெற்குக் காலுக்கு அடியில் கல் அடுக்கி, முழுத் தாங்கியையும் வடக்கே சாய்த்தார்.

"இஞ்சேருங்கோ, விழுந்தால் ஆரின்ர தலையில?" என்று கேட்டார் மனைவி பாலேஸ்வரி.

"நீர் கீழ போய் இரும்."

"கீழதானே விழும்."

சுவிஸிலிருந்து தம்பி பிரியந்தன் அனுப்பியது குழாயில் சுற்றும் சூட்டுப்பட்டி. பனி உறைந்து கண்ணாடி மங்காமல் காக்குமாம். வெள்ளவத்தையில் உறைபனி விழாத காரணத்தால், பாலேஸ்வரி அதை இடுப்பில் கட்டிக்கொண்டார். வந்த சாமான்களில் முறைப்பாடு வராதது அது ஒன்றுதான்.

லண்டன் மருமகள் சுபோதினி அனுப்பிய கண்ணாடி வில்லை உருவத்தை மும்மடங்காக்கியது. நடுக்கத்தையும் மும்மடங்காக்கியது. காலி வீதியில் பஸ் பிரேக் போட்டால் சனி துள்ளியது. கட்டடத்து லிப்ட் புறப்பட்டால் சனி ஆளையே காணோம். மழையில்லாத பொழுதுகளில் நாகேந்திரம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிகளுக்கிடையே குந்தியிருந்து, லிப்டில் ஏறுகிறவர்களையெல்லாம் பேர் சொல்லித் திட்டினார்.

நிக்கோன் கமராவுக்காகக் கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஷிராஸை அழைத்தார். மகளின் கலியாணத்துக்குப் படம் எடுத்தவர் அவர். மறுநாள் சங்கக் கூட்டம். மழை விட்டு வானம் கழுவிவிட்டதுபோல இருந்த அந்திப் பொழுதில், ஷிராஸ் கமராவைத் தொலைநோக்கியில் பூட்டிவிட்டு மேலே பார்த்தார்.

"இவ்வளவு தூரத்தில நிக்கிற மாப்பிள்ளைய நான் எடுத்ததே இல்ல, அங்கிள். ஆடாம நில்லுங்க எண்டு சொல்லவும் ஏலா."

பஸ் ஓய்ந்து, லிப்ட் ஓய்ந்து, கல்லடுக்கும் பொறுமை காத்த ஒரு நிமிடத்தில் படம் விழுந்தது. இருவரும் திரையில் குனிந்தார்கள். மஞ்சளாய், கூர்மையாய், ஓர் உருண்டை. குறுக்கே நூல் போல ஒரு கோடு.

"வளையம் எங்க?" என்றார் நாகேந்திரம்.

"நான் எடுக்கல்ல அங்கிள்."

வில்லையைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார்கள். அடாப்டரைக் கழற்றிப் பூட்டினார்கள். கோடு கோடாகவே நின்றது. நாகேந்திரம் படத்தைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டு நியாயம் கேட்டார். லண்டன் வில்லையில்தான் பிழை என்றது ரொறன்ரோ. "மாமா, அந்தக் கனடாத் தாங்கியைத் தூக்கி எறியுங்கோ" என்றது லண்டன். "அண்ணை, பட்டி சுத்தினனீங்களோ?" என்றது சுவிஸ். பட்டி அப்போதும் பாலேஸ்வரியின் இடுப்பில் இருந்தது.

பிறகு கார்த்திகன் படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டுத் தொலைபேசி எடுத்தார்.

"அத்தான், இது அருமையான படம். ஒரு பிழையும் இல்லை. இந்த வருசம் வளையம் எங்களுக்கு விளிம்பைத்தான் காட்டுது. சாப்பாட்டுத் தட்டைப் பக்கவாட்டில பிடிச்ச மாதிரி. பதினைஞ்சு வருசத்துக்கு ஒருக்கா இப்பிடி வரும்."

நாகேந்திரம் தண்ணீர்த் தாங்கியில் சாய்ந்துகொண்டார். "இது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும்தானே."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அடாப்டரைத்தானே கேட்டனீங்கள்."

மறுநாள் கூட்டத்தில் நாகேந்திரம் படத்தை மேசையில் வைத்து, நீண்ட விளக்கம் கொடுத்தார். வளையம் எங்கும் போய்விடவில்லை. அந்தக் கோடுதான் வளையம். வளையத்தை எவனும் எடுப்பான், விளிம்பை எடுக்கப் பதினைந்து வருடம் காத்திருக்கவேண்டும். நாட்காட்டி வரலாற்றிலேயே இது முதல் தடவையாக இருக்கும். சாரங்கன்கூடச் சிரிக்காமல் கேட்டார்.

தியாகராசா படத்தைக் கையில் எடுத்து, முழு விளக்கமும் முடியும்வரை காத்திருந்தார்.

"நாகேந்திரம், இது சனி," என்றார்.