விழுந்தால் மூலை மடங்கும்

எங்கள் நூலகத்தில் நடக்காத கொலை இல்லை. யானைப் புத்தகத்தின் முதுகை இரண்டாம் வகுப்பு முறித்தது. கடல் புத்தகத்தின் மேல் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார்கள். பொருத்தம் பார்த்துத்தான் கொல்கிறார்கள். ராஜா கதைகளில் ஒரு ராஜாவுக்குக்கூடத் தலை மிஞ்சவில்லை, எல்லாம் கத்தரிக்கோல் வேலை. இத்தனை நடக்கும்போதும் நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். பதவி நூலகர். பிள்ளைகள் வைத்த பெயர் மூச் டீச்சர். வாயைத் திறந்தால் 'மூச்!' என்பேன். அதைக் கேட்டு இதுவரை யாரும் அடங்கியதில்லை, ஜன்னலில் வந்து உட்காரும் புறா உட்பட.

கொலைகளைத் தடுக்க முடியாது என்று தெரிந்தபின் ஆஸ்பத்திரி ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், மூன்றாம் வகுப்புக்குப் புத்தக ஆஸ்பத்திரி. நீள மேசைதான் ஆபரேஷன் தியேட்டர். ஒரு சட்டி மைதாப் பசை, துணிப்பட்டைகள், ஊசி நூல், ஒட்டியதை அழுத்தி வைக்கச் செங்கல். ஒரு பிள்ளை புத்தகமாகப் பேச வேண்டும். இன்னொரு பிள்ளை டாக்டராக இருந்து, "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும். காயம் பட்ட கதையைச் சொன்னால்தான் கட்டு. இது விதி. பிள்ளைகளுக்குப் பேச வரும் என்பது என் கணக்கு. மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் 'மொழித்திறன் வளர்ச்சி' என்று போட்டேன். அதைவிடக் கனமான வார்த்தை என் கைவசம் இல்லை.

டாக்டர்களில் கெட்டிக்காரி பென்சில். ஒல்லி உடம்பைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஒருநாள் முதுகு கிழிந்த அகராதி ஒன்று மேசைக்கு வந்தது. அகராதிக்காகப் பேசியவள் முன்பல் விழுந்த ஒரு சிறுமி.

"அலமாரியிலேர்ந்து கீழ விழுந்துட்டேன் டாக்டர்."

பென்சில் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"பொய். விழுந்தா மூலை மடங்கும். இதுல மூலையெல்லாம் நல்லா இருக்கு. முதுகுதான் கிழிஞ்சிருக்கு. யாரோ பிடிச்சு இழுத்திருக்காங்க." பிறகு புத்தகத்தின் காதருகே குனிந்து, புத்தகத்துக்குக் காது எங்கே என்பது அவளுக்குத்தான் தெரியும், "பயப்படாம சொல்லு, இங்க யாரும் இல்ல" என்றாள்.

முன்பல் விழுந்தவள் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். அவளும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்களாம். பென்சில் போலீஸில் சேர வேண்டியவள் என்று ஆசிரியர் அறையில் போய்ச் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். எட்டு வயதில் இந்தப் படிப்பு எங்கே கிடைத்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அது தெரிந்தது. பென்சிலின் அம்மா மகளோடு நூலகத்துக்கு வந்தாள். தையல் கடையில் சட்டைக் காலர் தைப்பவள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கழுத்தில் விரல்கள் பதிந்த தடம். நான் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது: "மாடிப்படியில விழுந்துட்டேன் டீச்சர்."

அவர்கள் வீட்டில் மாடி கிடையாது. அந்தத் தெருவிலேயே கிடையாது. பக்கத்தில் நின்ற பென்சில் அம்மாவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மற்ற முழங்கையை. விழுகிற மனுஷருக்கு அதுதானே மூலை. ஒரு சிராய்ப்புகூட இல்லை. கையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அவள் போனபின் அம்மா விஷயத்தைச் சொன்னாள். மாலையில் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறாள், இனித் திரும்புவதாக இல்லை. புருஷன் தண்ணீர் லாரி ஓட்டுபவன். மோப்பம் பிடித்துவிட்டால் முதலில் குழந்தையைத்தான் தூக்குவான். குழந்தை அவன் கையில் இருந்தால் இவள் எங்கேயும் போக மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

"பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் யார்கிட்டயும் குடுத்துடாதீங்க டீச்சர். அவங்க அப்பா வந்தாலும்."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கடைசிப் பீரியடில் அவன் வந்தான். வாசலில் தடுத்த வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரே குத்தில் மூக்கு உடைந்தது. அண்ணன் சும்மா இருக்கவில்லை. ரத்தம் ஒழுக ஒழுகக் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஆள் தப்பிக்கக்கூடாதாம். பள்ளிக்கூடம் மொத்தமும் அந்த ஆளோடு உள்ளே மாட்டிக்கொண்டது என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

"பாப்பா, வா போலாம்" என்றான் நூலக வாசலில் நின்று. குரல் மெதுவாகத்தான் இருந்தது. பென்சில் கையில் ஊசியோடு அப்படியே நின்றாள்.

"மணி அடிச்சதும் அனுப்புறோம் சார்" என்றேன். சார்! அவன் முஷ்டியில் வாட்ச்மேன் அண்ணனின் ரத்தம் காயவே இல்லை, நான் சார் போடுகிறேன்.

என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். பென்சிலின் பின்னலைக் கையில் சுற்றி இழுத்தான். அவள் முட்டி தேயத் தரையோடு போனாள். போகிற போக்கில் மேசைக் காலைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் அலமாரிகளுக்குப் பின்னால் சிதறினார்கள். நான் அவன் கையில் தொங்கினேன். அறை விழுந்தது. கண்ணாடி உடைந்து புருவத்தைக் கிழித்தது. கண்ணுக்குள் ரத்தம். மறுபடி தொங்கினேன். வயிற்றில் குத்தினான். மூச்சு நின்றுபோனது. மூச் டீச்சருக்கு வர வேண்டியதுதான். நான் மடங்கிக் கிடக்கும்போது, மேசைக் காலை விடாத அந்தச் சின்னக் கையை அவன் பூட்ஸ் காலால் உதைத்தான். பழைய அட்டை முறிகிற சத்தம்.

அதற்குப் பிறகு நான் செய்தது எதிலும் மொழித்திறன் இல்லை. பசைச் சட்டியை எடுத்து முகத்தில் அடித்தேன். கண் தெரியாமல் அவன் தடுமாறியபோது செங்கலை எடுத்து முட்டியில் இறக்கினேன். அலறினான். அதே முட்டியில் மறுபடி இறக்கினேன். உள்ளே ஏதோ நொறுங்கியது. ஆள் தரையில் விழுந்தான். இன்னொரு தடவை ஓங்கினேன், இந்த முறை தலைக்கு நேராக. அப்போதுதான் என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. அடிப்பது எனக்குப் பிடித்திருந்தது. செங்கலைக் கீழே வைத்தேன். அந்த இடைவெளியில் முன்பல் விழுந்தவள் அகராதியை அவன் மேல் எறிந்தாள். அதன் முதுகு மறுபடி கிழிந்தது.

தலைமை ஆசிரியர் ஓடி வந்தார், பின்னால் மற்ற ஆசிரியர்கள். முகமெல்லாம் பசையோடு அவன் அழ ஆரம்பித்தான். பெற்ற பெண்ணைக் கூட்டிப்போக வந்தவனை இந்தம்மா செங்கல்லால் அடிக்கிறாள், கேட்பார் இல்லையா என்றான். அழுகை நன்றாகவே வந்தது.

தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். என்னை ஓரமாக இழுத்துக் காதில் சொன்னார்.

"டீச்சர், மேசை சாஞ்சுது, நீங்களும் பாப்பாவும் விழுந்துட்டீங்க. அத்தோட முடிச்சுக்கலாம். அவர் பொண்ண அவர் கூட்டிட்டுப் போகட்டும். நீங்களும் அடிச்சிருக்கீங்க. போலீஸ்னு போனா உங்க வேலைக்கும் ஆபத்து."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவனும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். 'விழுந்துட்டோம்.' எவ்வளவு சுலபமான வார்த்தை அது. பாதி வாய்க்கு வந்துவிட்டது. கழுத்து தலையாட்டத் தயாராகிவிட்டது.

பென்சில் எழுந்து வந்தாள். ஒரு கை வீங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. மற்ற கையால் என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த முழங்கை. பிறகு எம்பி என் தாடையை நிமிர்த்தினாள்.

"உனக்கு என்ன ஆச்சு?"

எங்கள் நூலகத்தில் முதல் முறையாக மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"பயப்படாம சொல்லு" என்றாள். "இங்க யாரும் இல்ல."

பாதிப் பள்ளிக்கூடம் அங்கே நின்றிருந்தது.

"விழல டாக்டர்" என்றேன். "இவர் அடிச்சார். நானும் அடிச்சேன்."

'ஏய்' என்று அவன் எழப் பார்த்தான். முட்டி விடவில்லை. போன் பண்ணுங்கள் சார் என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். இந்தத் தடவை 'சார்' சரியான ஆளுக்குத்தான் போனது. அவர் அவனை ஒரு முறை பார்த்துவிட்டுப் பண்ணினார்.

போலீஸ் வரும் வரை பென்சிலின் விரல்களுக்கு ஸ்கேலை அண்டக் கொடுத்துத் துணிப்பட்டை எடுத்தேன். அவள் கையை நீட்டவில்லை. காத்திருந்தாள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அப்பா உதைச்சார்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

அவனை வேனில் ஏற்றினார்கள். என்னையும் காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். வாட்ச்மேன் அண்ணன், இத்தனைக்கும் காரணம் தான் கேட்டைப் பூட்டியதுதான் என்று மூக்கில் பஞ்சோடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. பென்சிலின் அம்மா துணிமூட்டையோடு வந்தாள். மகளின் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். மூட்டை கீழே நழுவியது.

"என்ன ஆச்சு டீச்சர்?"

"அடிச்சார்மா."

பக்கத்தில் பெண் போலீஸ் ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா அவளையே பார்த்தபடி நின்றாள். மாடிப்படி இன்னும் வாய்க்குள்தான் இருந்தது, எனக்குத் தெரிந்தது. கழுத்தை மூடியிருந்த முந்தானையை மெதுவாக விலக்கினாள்.

"என்னையும்" என்றாள்.

பென்சில் நல்ல கையால் ஒரு துணிப்பட்டையை உருவிக்கொண்டு அம்மாவிடம் போனாள்.